மயிலாப்பூர் தக்காளி விலையை முடிவு பண்றது மயிலாப்பூர் இல்ல!



மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில தக்காளி விலை ஏறினா முதல்ல யாரைத் திட்டுவீங்க? கடைக்காரரைத்தான். "போன வாரம் 40 சொன்னீங்க, இன்னிக்கு 60-ஆ?" ஆனா அவர் விடியற்காலையில கோயம்பேட்டுல எடுத்த விலையில கொஞ்சம் லாபம் வெச்சு விக்கிறவர், அவ்வளவுதான்.

சரி, கோயம்பேட்டுக்கு எங்கிருந்து வருது? பெரும்பங்கு ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகாவின் கோலார் பக்கத்திலிருந்து. ரெண்டுமே சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்குள்ள. ராத்திரி கிளம்பற லாரி விடியறதுக்குள்ள வந்துடும். லாரி வாடகையும் குறைவு, வழியில அழுகறதும் குறைவு. சாதாரண நாள்ல பக்கத்து மாநிலம் நமக்கு லாபம்தான்.

ஆனா ஒண்ணை மறந்துடறோம். அந்த மண்டிகள் நமக்கு மட்டும் சொந்தமில்ல.

2023 ஜூலையை ஞாபகப்படுத்திக்கோங்க. நாடு முழுக்க வரத்து குறைஞ்சு, தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினது. அப்போ மத்திய அரசு என்ன செஞ்சது? ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிராவில் தக்காளி வாங்கி டெல்லி மாதிரி ஊர்களுக்கு அனுப்பச் சொல்லி நாஃபெட், என்சிசிஎஃப் அமைப்புகளுக்கு உத்தரவு போட்டது. அதாவது நம்ம சாம்பாருக்கு வர்ற அதே தக்காளிக்கு டெல்லியும் போட்டி. தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகள்ல கிலோ 60 ரூபாய்க்கு வித்து சமாளிச்சது. செப்டம்பர்ல பார்த்தா விலை சரிஞ்சு, விவசாயி கையைப் பிசைஞ்சுட்டு நின்னார்.

தக்காளியை மாசக்கணக்கில சேமிச்சு வைக்க முடியாது. அதனால பக்கத்து மாநிலத்துல வரத்து குறைஞ்சாலும், வெளியூர் வியாபாரி கூடினாலும், அது நேரா நம்ம பர்ஸைத் தொடும். சென்னையில மழையா வெயிலாங்கறது அதுக்குப் பிறகுதான்.

என் கருத்து இதுதான்: காய்கறிச் செலவை மாசக் கணக்காப் பார்க்காதீங்க, வருஷக் கணக்காப் பாருங்க.

ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் குடும்பம், மாசம் 8 கிலோ தக்காளி. கிலோ 30-னா 240 ரூபாய். 120-னா 960 ரூபாய். மாசம் 720 கூடுதல். ரெண்டு மாசம் நீடிச்சா 1,440. இதை 12 மாசத்துக்குப் பிரிச்சா வெறும் 120 ரூபாய்தான்! வெங்காயத்துக்கும் சேர்த்து மாசம் 250 ரூபாய் தனியா எடுத்து வைங்க. விலை ஏறும்போது அதிலிருந்து எடுங்க.

"செலவு ஏறிடுச்சு, இந்த மாசம் எஸ்ஐபி வேண்டாம்"னு நிறுத்தறதுதான் பெரிய தப்பு. தக்காளி விலை ரெண்டு மாசத்துல இறங்கிடும். நிறுத்தின எஸ்ஐபியைத் திரும்ப ஆரம்பிக்க நாளாயிடலாம்.

உங்க வீட்டுல விலை ஏறினா முதல்ல எதைக் குறைக்கிறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவில பேசுவோம்.