இழைப்புளியை எடைக்குப் போடாதீங்க!

முதல்லயே ஒரு விளக்கம். இழைப்புளியில இருக்கிறது சாம்பாருக்குக் கரைக்கிற புளி இல்லீங்க, உளி. மரத்தை இழைக்கிற உளி. (பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? இருக்கு, பொறுங்க.)

நம்ம ஊரு எளாவூர். பக்கத்துலயே கும்மிடிப்பூண்டி சிப்காட். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குற ஆலைங்க நிறைய இருக்கிற ஏரியா. அதனால இரும்புன்னாலே இங்க முதல் கேள்வி "கிலோ என்ன விலை?"தான். ஒரு தச்சர் வயசாகி வேலையை விட்டா, அவரோட இழைப்புளியும் ஓட்டை வாளியோட சேர்ந்து காயலான் கடைத் தராசுல ஏறிடுது. அது அநியாயம்னு நான் நினைக்கிறேன்.

எங்க கணக்குப் பாடத்துலேர்ந்தே காரணம் சொல்றேன். பிளஸ் ஒன்ல படிச்ச தேய்மானம் ஞாபகம் இருக்கா? 1,000 ரூபாய்ப் பொருளுக்குக் குறைந்து செல் மதிப்பு முறையில வருஷம் 15% கழிச்சுக்கிட்டே வந்தா, 10 வருஷத்துல ஏட்டுல நிக்கிறது வெறும் 197 ரூபாய். தேய்மானத்துக்கு ரெண்டு முக்கியக் காரணம்: பொருள் தேயணும், இல்லைன்னா வழக்கொழிஞ்சு போகணும்.

இழைப்புளியில தேயறது பிளேடு மட்டும்தான். அதையும் மாத்திக்கலாம். வழக்கொழிஞ்சதா? அமெரிக்காவுல லெனார்ட் பெய்லிங்கிறவரோட காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869ல வாங்குச்சு. இன்னிக்குக் கடையில தொங்குற புது இரும்பு இழைப்புளிகள்லயும் பெரும்பாலும் அதே அமைப்புதான். 150 வருஷமா பெருசா மாறாத பொருளை "பழசு"ன்னு எப்படிச் சொல்றது?

"அதான் கரண்டுல ஓடுற பிளேனர் வந்துடுச்சே"ன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான். பத்துக் கதவு இழைக்கணும்னா அதுதான் சரி. ஆனா ஐப்பசி மழையில ஊறி, நிலையில இடிக்கிற ஒரே ஒரு கதவு? காகிதக் கனத்துக்குச் சீவல் எடுத்தா போதும். அங்க கை இழைப்புளிதான் ராஜா.

சரி, வாங்கணும்னா எங்க போறது? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில தேடிப் பாருங்க. எளாவூர்ல ரயிலேறி சென்ட்ரல், எதிர்ல பார்க் ஸ்டேஷன்ல மாறினா பல்லாவரம். துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க. பார்க்க வேண்டியது மூணுதான். வார்ப்பிரும்புல விரிசல் இருக்கக் கூடாது. பிளேடு வெளிய வர்ற வாய் உடைஞ்சிருக்கக் கூடாது. தீட்டுறதுக்குப் பிளேடுல இன்னும் நீளம் மிச்சம் இருக்கணும். மரத்துல செஞ்சதுன்னா பூச்சி அரிச்சிருக்கான்னும் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் திருகுகளைக் கழட்டுங்க. இறுகியிருந்தா மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்க, அடிச்சா வார்ப்பு உடைஞ்சிடும். துருவுக்கு இப்போ நிஜமாவே புளி! கெட்டியாக் கரைச்சு ஊற வெச்சு, தேய்ச்சுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, உடனே தையல் மெஷின் எண்ணெய் தடவணும். பழவேற்காட்டு உப்புக்காத்து எங்க வீட்டு வரைக்கும் வரும், ஒரு நாள் விட்டாலும் மறுபடி துருதான். அடிப்பாகத்தைச் சமமாக்கக் கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சுத் தேய்க்கலாம். கடைசியா பிளேடைத் தீட்டுக்கல்லுல பொறுமையாத் தீட்டணும். ஆகிற செலவு கொஞ்சம்தான், நேரம்தான் நிறைய.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாகணும். பளபளன்னு பாலிஷ் போட்டு ஷோகேஸ்ல வெக்கிறவங்க. உலையில போடுறதுக்கு இது தேவலைதான். ஆனா மரத்தைத் தொடாத இழைப்புளிக்கும் பேப்பர் வெயிட்டுக்கும் என்ன வித்தியாசம்?

எங்க பாடத்துல கோயிங் கன்சர்ன்னு ஒண்ணு உண்டு. தொடர்ந்து நடக்கிற தொழிலுக்கு ஒரு மதிப்பு, இழுத்து மூடிப் பிரிச்சு வித்தா வேற மதிப்பு. தராசுல கிடைக்கிறது அந்த ரெண்டாவது மதிப்பு. முப்பது வருஷம் சோறு போட்ட கருவிக்குப் பெரியவர் கையில கிடைக்கிறது ரெண்டு கிலோ இரும்புக் காசு. அதுல எனக்கு உடன்பாடு இல்லை. வாங்குறவங்க தயவுசெஞ்சு கருவிக்கான விலையைக் குடுங்க.

உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடந்தா, காயலான் கடைக்காரர் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, தெருவுல மர வேலை கத்துக்கிற பையன் யாராவது இருக்கானான்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.