கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க!

"எனக்கு ஒரு ரூட்டர் லிஃப்ட் வாங்கணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் அறிவித்தேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏஞ் சாமி, அந்த வைஃபை பொட்டிக்கு எதுக்குடா லிஃப்டு? மாடிக்குத்தானே போகோணும்? நீ கையில தூக்கிட்டுப் போனா ஆகாதா?"

என் சகதர்மிணி சிரிக்கவில்லை. தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "அத்தை, இது அந்த ரூட்டர் இல்லீங்க. போன வாரம் இவரு நகத்தைத் தின்னுச்சே, அந்த ரூட்டரு."

மூன்றாவது தோசை வரவே இல்லை.

ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி யூ-டியூபில் யாரோ மேஜை செய்வதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சகோதரர்களே, இந்த வாரம் உங்களுக்காகத்தான். அடியேனும் உங்கள் ஜாதிதான். படித்தது பி.காம். பிழைப்பு, பத்திரிகைக்கு எழுதுவதும் நாலு கடைக்காரர்களுக்குக் கணக்கு பார்ப்பதும். பொழுதுபோக்கு, கோயமுத்தூர் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு, நல்ல மரத்தைக் கெட்ட மரமாக்குவது.

முதலில் சாமானை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ரூட்டர் என்பது ஒரு மோட்டார். அதன் மூக்கில் ஒரு பிட்டை மாட்டினால் நிமிஷத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் தடவை சுற்றும். மரத்தின் ஓரத்தை உருட்டும், பள்ளம் எடுக்கும், பூ வேலையும் செய்யும். ஆசாரிகள் அதைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவார்கள். சின்னச் சின்ன சட்டங்களுக்கு அது சரிப்படாது. அதனால் மெஷினைத் தலைகீழாக ஒரு மேஜைக்கு அடியில் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்து, மரத்தை அதன் மேல் தள்ளுவார்கள். அதுதான் ரூட்டர் டேபிள்.

தொங்குகிற மெஷினை ஏற்றி இறக்கினால்தான் பிட் எவ்வளவு வெளியே நீட்டும் என்பது மாறும். அந்த வேலையை மேலே நின்றபடியே, ஒரு கைப்பிடியைச் சுற்றிச் செய்ய வைக்கிற கருவிதான் லிஃப்ட். அவ்வளவுதான். பட்டன், மியூசிக், 'கதவை மூடவும்' எதுவும் கிடையாது.

என்னிடம் லிஃப்ட் இல்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும் மண்டி போட்டு, மேஜைக்கு அடியில் தலையை விட்டு, ஒரு கையால் மெஷினைத் தாங்கி, இன்னொரு கையால் பிடியைத் தளர்த்தி, கண் அளவில் அரைக்கால் மில்லிமீட்டர் ஏற்றி இறுக்குவேன். இறுக்கும்போது அது ஒரு மில்லிமீட்டர் இறங்கும். எழுந்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். மறுபடி மண்டி. பிள்ளையாருக்குக்கூட நான் இத்தனை தோப்புக்கரணம் போட்டதில்லை.

இப்போது நகத்தின் கதை.

எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது, ஒரு ஜன்னலின் தேக்குக் கட்டைகளை மட்டும் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஜன்னல். அப்பாவின் போட்டோவுக்கு அந்த மரத்திலேயே சட்டம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. "கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுப்பாங்க" என்றாள் மனைவி. "எதுக்கு? நான் இல்லை?" என்றேன். மனிதனுக்கு வாயில்தான் சனி.

கண்ணாடியும் போட்டோவும் அட்டையும் உட்கார, சட்டத்தின் பின்பக்கம் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வேண்டும். ஆசாரிகள் பாஷையில் காடி. முறைப்படி மூன்று மில்லிமீட்டர், மறுபடி மூன்று, மறுபடி மூன்று, கடைசியில் ஒன்று என்று எடுக்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு நாலு தடவை மண்டி போட வேண்டுமே! மணி வேறு ஒன்றரை. கீழே ரசம் தாளிக்கிற வாசனை.

'தேக்குதானே, போயிடும்' என்று பத்து மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் வைத்துத் தள்ளினேன்.

போயிடுச்சு. மரம் போயிடுச்சு. பிட் அதைக் கவ்வி, பிளந்து, ஷெட் தகரத்தில் 'டமார்' என்று அடித்தது. என் கை வழுக்கி முன்னால் போனது. கட்டைவிரல் நகத்தின் ஓரம் மட்டும் காணோம். இன்னும் அரை அங்குலம் போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் டைப் அடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

நீளமான சட்டங்களில் ஒன்று பாழ். அந்த ஜன்னலுக்கு மாற்று மரம் எந்த டிப்போவில் கிடைக்கும்?

அன்று ராத்திரி யோசித்தபோது ஒன்று புரிந்தது. மெஷின் மேல் தப்பில்லை. ஏற்றி இறக்குவது கஷ்டம் என்பதால் சோம்பேறித்தனம் வந்தது. சோம்பேறித்தனத்தால் பேராசை வந்தது. ஆக, எனக்கு வேண்டியது சோம்பேறித்தனத்துக்கு மருந்து.

மருந்து தேடக் கிளம்பினேன்.

முதலில் சிக்கனம். மாமனாரின் பழைய மாருதி 800 எங்கள் வீட்டு போர்ட்டிகோவில்தான் நிற்கும். அதன் ஜாக்கியை எடுத்து ரூட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். ஊர் உலகத்தில் பலரும் செய்கிற வைத்தியம்தான். சுற்றினால் ஏறுகிறது, இறங்குகிறது. ஆஹா!

ஆனால் கத்தரி ஜாக்கியில் ஒரு சூட்சுமம் உண்டு. படுத்த நிலையில் ஒரு சுற்றுக்கு நிறைய ஏறும். நிமிர நிமிர ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் ஏறும். ஒரு சுற்று என்றால் இவ்வளவு என்று கணக்கே சொல்ல முடியாது. போதாததற்குப் பக்கவாட்டு ஆட்டம். காருக்கு அது போதும், காடிக்குப் போதாது.

இதை நான் ஆராய்ந்துகொண்டிருந்த சனிக்கிழமை போன் வந்தது. மாமனார்.

"மாப்ள, உடுமலை தாண்டி நிக்கறமுங்க. பழனி போற வழியில டயர் பஞ்சருங்க. ஸ்டெப்னி இருக்குது... டிக்கில ஜாக்கியத்தான் காணமுங்க. யாரோ களவாண்டுட்டாங்க போல."

எதிரே மேஜைக்கடியில் ஜாக்கி என்னைப் பார்த்துச் சிரித்தது. "இந்தக் காலத்துல யாரை நம்பறது மாமா" என்றேன். (இந்தப் பத்தியை மாமனார் படிக்காமல் இருக்க, இந்த வாரப் பிரதியை வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒளித்துவிட ஏற்பாடு செய்திருக்கிறேன்.)

அடுத்து வெளிநாடு. நியூஜெர்ஸி மச்சினன் தாராளப் பிரபு. "மாமா, இங்க சூப்பர் லிஃப்டெல்லாம் இருக்கு, வரும்போது கொண்டாரேன். ரூட்டரையும் சேர்த்து வாங்கிடவா?"

நல்ல வேளை, படித்துப் பார்த்தேன். அமெரிக்க ரூட்டர் 120 வோல்ட். நம் வீட்டு 230-ல் செருகினால் தீபாவளிதான். லிஃப்டில் கரண்ட் இல்லை, அதனால் அதை வாங்கலாம். ஆனால் அங்கே பல லிஃப்டுகள் பெரிய மோட்டாருக்குச் செய்தவை. மூன்றரை அங்குலம், நாலு அங்குலத்துக்கு மேல் என்று மோட்டாரின் குறுக்களவே தனி. என்னுடையது கையடக்கமான டிரிம்மர். குறுக்களவு 65 மில்லிமீட்டர். யானைக்குத் தைத்த சட்டையைப் பூனைக்குப் போட்ட மாதிரி இருக்கும். நடுவில் வளையம் வைத்து மாட்டலாம்தான். அது கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கம் அங்குலம். சில லிஃப்டுகளில் ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஏறும். நம் கணக்கில் 1.59 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் ஏற்ற எத்தனை சுற்று என்று பி.காமே கால்குலேட்டர் தேடினால், மற்றவர்கள் கதி?

கடைசியில் கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயசிருக்கும். ஆன்லைனில் வருகிற நாலைந்து லிஃப்ட் படங்களைப் போனில் காட்டி, "எதுங்க வாங்கறது?" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: "மொதல்ல உங்க மோட்டார் அதுல உக்காருதான்னு பாருங்க. மத்ததெல்லாம் அப்பறம்." மோட்டாரின் குறுக்களவை வெர்னியர் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிளேட்டின் நீள அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேஜையில் ஓட்டை போடுவது சுலபம். போட்ட ஓட்டையைச் சின்னதாக்குவது கஷ்டம்.

இரண்டு: மரை. ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏறினால் உத்தமம். அரைச் சுற்று ஒன்று, கால் சுற்று அரை. மனசிலேயே கணக்கு ஓடும். சில மலிவு சாமான்களில் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிமீட்டர் ஏறுகிற திருகு இருக்கும். வேகம் ஜோர், நிதானம் போச்சு.

மூன்று: பூட்டு. ரூட்டர் நடுங்குகிற நடுக்கத்தில் திருகு தானாகச் சுற்றும். இறுக்கிப் பூட்ட வழி வேண்டும். பூட்டும்போது உயரம் நகரக் கூடாது. பூட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஒரே அளவு காட்டினால் வாங்குங்கள்.

நாலு: பிளேட். அதன் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பிளேட் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். மரம் அங்கே தொய்ந்து உட்காரும், பள்ளம் ஒரே ஆழமாக வராது. ஒரு மயிரிழை மேடாக இருந்தால்கூட மன்னிக்கலாம், குழியை மன்னிக்கக் கூடாது.

ஐந்து: பிட் மாட்டும் கழுத்து பிளேட்டுக்கு மேலே வரை எழும்ப வேண்டும். அப்போதுதான் மேலேயே நின்று பிட் மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

"நம்மூருல இன்னொண்ணு இருக்குதுங்க சார். வேலை பாக்கறப்ப கரண்ட் போயிரும். மெஷின் சுவிட்சு போட்டபடியே கிடக்கும். நீங்க பராக்கு பாத்துட்டுக் கையை உள்ள விடுவீங்க. அப்பப் பாத்துக் கரண்ட் வரும்." இதற்கென்றே ஒரு தினுசு சுவிட்ச் இருக்கிறது. கரண்ட் போனால் தானே அணைந்துவிடும். நாம் மறுபடி அழுத்தினால்தான் ஓடும். லிஃப்டுக்கு முன்னால் அதை வாங்கச் சொன்னார்.

"உயரத்தைக் கொறைக்கறப்ப ஒரு சுத்து அதிகமா எறக்கிட்டு, மறுபடி ஏத்தி நிறுத்துங்க. நட்டுல இருக்கற ஆட்டம் அடங்கிரும்."

எல்லாம் எழுதிக்கொண்டேன். பிறகு என் நகத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிரிக்கவில்லை. "அவசரம் யாருக்குங்க சார்? மெஷினுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டு, ஸ்டூலை நோக்கிக் கையை நீட்டி உட்காரச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

நான் பேச்சை நிறுத்தினேன்.

65 மில்லிமீட்டர் மோட்டாருக்குப் பொருந்துகிற, ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏறுகிற, நடுத்தர விலை லிஃப்ட் ஒன்றை வாங்கினேன். ரூட்டர் வாங்கின விலையைப் போல இரண்டு மடங்கு ஆனது. பி.காம். மூளை விழித்துக்கொண்டு, "சொத்தை விடத் துணைச் சாமான் விலை அதிகமா?" என்று ஆட்சேபித்தது. "பத்து விரலுக்கும் பகிர்ந்து எழுது" என்று அதை அடக்கினேன். நட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பட்டறைக்காரர் பித்தளையில் ஒன்று கடைந்து கொடுத்தார்.

முதல் ஞாயிறு. ஒன்றரைச் சுற்று, மூன்று மில்லிமீட்டர். பூட்டு. நாலு சட்டங்களையும் வலமிருந்து இடமாக, தள்ளுகட்டையால் தள்ளினேன். மறுபடி ஒன்றரைச் சுற்று. மறுபடி. கடைசியில் அரைச் சுற்று. மண்டி போடவில்லை, மரம் கத்தவில்லை. கீழே ரசம் ஆறிப்போயிருந்தது, இருக்கட்டும்.

பாழான கட்டை போக மிச்சமிருந்ததில் பெரிய போட்டோவுக்குச் சட்டம் வரவில்லை. போட்டோவையே சின்னதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே கொடுத்தேன்.

அம்மா காடியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திருப்பி முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"சின்னதா இருந்தா என்ன சாமி? கிட்டக்க வெச்சுப் பாத்துக்கறேன்."

அடுத்த வேலையும் வந்துவிட்டது. மாமனார் வீட்டுப் பூஜை அறைக்கு ஒரு சாமி பட சட்டம். கூலி வாங்குவதாக இல்லை. ஒரு ஜாக்கி வாடகைக் கணக்கு பாக்கி இருக்கிறது.