பெரிய கடனும் சிறிய கடனும்

கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு எளிதில் விளங்கக்கூடிய உவமை ஒன்றை இயேசுநாதர் அருளியிருக்கிறார். மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் காலில் விழுந்து கெஞ்சினான். அரசன் மனமிரங்கிக் கடன் முழுவதையும் தள்ளிவிட்டான். வெளியே வந்த ஊழியனோ, தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடனூழியனின் கழுத்தை நெரித்துச் சிறையில் இடுவித்தான். அரசன் அதனை அறிந்து, அளித்த சலுகையை நீக்கித் தண்டித்தான்.

கணக்கைச் சற்று நோக்குவோம். தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒருநாட் கூலி. தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே முன்னவன் கடன் 6 கோடி நாட்கூலி. பின்னவன் கடன் 100 நாட்கூலி. முன்னது எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராதது. இறைவன் மனிதனுக்கு அருளும் மன்னிப்பு அத்தகையது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அது உழைத்து ஈட்டுவதன்று, இரக்கத்தால் வருவது. பெற்றவன் பிறர்க்கும் அதனை வழங்கக் கடமைப்பட்டவன்.

எனினும் 100 நாட்கூலியும் அற்பமன்று. மூன்று மாதச் சம்பளத்திற்கு மேலாகும். பிறர் செய்யும் தீங்கு நம்மை வருத்தாது என்று உவமை கூறவில்லை.

கேரளத்துப் புல்லுவழியிற் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவரிடையே தொண்டாற்றியவர் அருட்சகோதரி ராணி மரியா. வட்டிக் கடனில் மூழ்கியிருந்த அம்மக்களுக்குத் துணைநின்ற அவர், 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ராணி மரியாவின் தங்கையும் கன்னியருமான செல்மி பால், 2002இல் சிறைக்குச் சென்று, அவன் கையில் ராக்கி கட்டி அவனைச் சகோதரனாக ஏற்றார். 2006இல் அவன் விடுதலை பெற்றான். பின்னர்ப் புல்லுவழி சென்று அக்குடும்பத்தாரைக் கண்டான். ராணி மரியாவுக்கு 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது.

இங்கே எவரும் கொலையைக் கொலையன்று என்று கூறவில்லை. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. தங்கை தன் மனக்கணக்கில் இருந்த பற்றை மட்டும் அடித்துவிட்டார். மன்னிப்பு என்பது இதுவே.

பாகப்பிரிவினைக் கசப்பால் ஊரிலுள்ள உடன்பிறந்தாருடன் பேச்சற்றிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? எம்மதத்தவராயினும், நம் பேரேட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக.