நாக்கைத் தண்டிக்காதீர்கள்

"பிடிக்காததைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால்தான் எடை குறையும், சோற்றை விட்டுக் கம்பு, கேழ்வரகுக்கு மாறினால் போதும், நீரிழிவும் அண்டாது" என்று மதுரை தல்லாகுளத்து நடைப்பயிற்சி நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டும் தவறு.

2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இண்டியாப் ஆய்வின்படி, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து. அந்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் வகைப் புரதத்தைச் சேர்ப்பதே பலன் தருகிறது.

அடுத்தது காய். பலர் வெறுப்பது காயை அல்ல, அதன் பக்குவத்தை. வெண்டைக்காயின் வழவழப்பு ஆகாதவருக்கு, அதைக் கழுவித் துடைத்து நறுக்கி, மூடி போடாமல் வதக்கிக் கொடுங்கள். பீர்க்கங்காய்க் கூட்டைத் தொடாதவருக்கு அதன் தோலில் துவையல் அரையுங்கள். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசையுங்கள். எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். 1999இல் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட அண்ணா நகர் நமக்குத் தூரமில்லை. வாரம் ஒரு புதுக்காய், கால் கிலோ வாங்கிப் பாருங்கள்.

வெறுத்துத் தின்பவர் சீக்கிரமே பழைய தட்டுக்குத் திரும்புவார். விரும்பிச் சாப்பிடுபவரே தொடர்வார். தொடர்பவருக்குத்தான் எடை குறையும்.