ஐந்தரை மணி நேரப் பிசகு

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிக்கொண்டிருந்த வேளையில், அந்நகரின் கதிர்காமத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிகளில், சுவரோரம் ஏற்றிவைத்த ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சத்தில், வாசலில் ஒவ்வொரு படியாக ஏறிவந்த தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கு நடுவே, கையிலிருந்த செல்போனில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்த ஒரே காரணத்தால், நான் ஆகாச சாஸ்திரப் பண்டிதனாகிவிட்டேன். அந்தப் பதவி எனக்குச் சரியாக ஆறு மணி நேரம் நிலைத்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் செயற்கைக்கோள் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணமும் இல்லை, சிபாரிசும் வேண்டாம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் கதிக்கு இசைவாகத் தானும் சுற்றிவருவதால் ஒரே இடத்தில் தவம் நிற்பதுபோல் தோன்றும், 2016 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இன்சாட்-3டிஆர் என்னும் செயற்கைக்கோள், அரை மணிக்கொரு தரம் நம் தேசத்தையும் சமுத்திரங்களையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பகலில் சூரியன் காட்டும் மேகத்தை அது காண்கிறது என்பதில் அதிசயமில்லை; அமாவாசை இருட்டிலும் காண்கிறதே, அதுதான் எனக்கு இன்றுவரை தெவிட்டாத ஆச்சரியம். பொருள்களிலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தை அகச்சிவப்புக் கதிர்களின் மூலம் அளந்து, எந்த மேகத்தின் உச்சி அதிகமாகக் குளிர்ந்திருக்கிறதோ அதை அதிக வெண்மையாகத் தீட்டிக் காட்டுகிறது. ஆனால் வெண்மையெல்லாம் மழையல்ல. பனித்துகள்களாலான மெல்லிய உயர்மேகமும் அதே வெண்மை பூண்டு, ஒரு துளியும் சிந்தாமல் போய்விடுவதுண்டு. கூரையைப் பார்த்து அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்கிற வித்தைதான் இது. கீழே விழும் மழையை நேராக அறிய, காரைக்காலிலும் சென்னையிலும் உள்ள ராடார்களின் தயவுதான் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பண்டிதன்தான் பிசகினேன். நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்கள் ஆகியிருக்கும். சிக்னல் ஒரு கணம் வந்தது, படம் ஒன்று மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. எங்கள் கரையின் மீதே பெரியதொரு வெள்ளைத் திட்டு. படத்தின் தலைப்பில் 1745 முதல் 1811 வரை என்று நேரம். மாலை ஐந்தே முக்காலுக்கு எடுத்த பழைய படம் என்று நான் கொண்டேன். சாயங்காலமே இவ்வளவு தூரம் வந்துவிட்ட புயல் இந்த ஆறு மணி நேரத்தில் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும், இனி வெறும் தூறல்தான் என்று கூடியிருந்தவர்களிடம் பிரகடனமும் செய்தேன். சிலர் பாயை விரித்தார்கள்.

அந்த எண்கள் கிரீன்விச் நேரம். அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால், இரவு 11.15 முதல் 11.41 வரை செயற்கைக்கோள் சாவகாசமாக வருடி எடுத்த புத்தம்புதிய சித்திரம் அது. இந்திய நேரமும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. என் கண் முதல் எண்ணோடு திருப்தியடைந்து நின்றுவிட்டது.

இந்தப் பிசகுக்குப் பின்னால் பழைய அனுபவம் ஒன்றும் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயலை இந்த ஊர் ஜனங்கள் மறந்திருக்க முடியாது. மரங்களை வேரோடு சாய்த்துவிட்டு அது தன் வழியே போயிற்று. புயலென்றால் வரும், அடிக்கும், போகும் என்பது அன்றுமுதல் என் சித்தாந்தம். 1761 புத்தாண்டு தினத்தில், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்த புயலும் அப்படித்தான் வந்து போயிற்று. நகரம் அதனால் தப்பவில்லை, இரண்டு வாரத்துக்கெல்லாம் வீழ்ந்தது என்பது வேறு கதை.

ஃபெஞ்சல் போகவில்லை. சவூதி அரேபியா சூட்டிய பெயரை எப்படி உச்சரிப்பதென்று நாம் வாதாடி முடிவதற்குள் கரையேறிய அது, அப்படியே எங்கள் தலைக்கு மேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. புயலில் காற்றின் வேகத்தைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நடையின் வேகத்தை விசாரிப்பவர் இல்லை. மெல்ல நடக்கும் புயல், நிற்கும் புயல், கடலின் ஈரத்தையெல்லாம் இழுத்து ஒரே ஊரின் மேல் கொட்டும். மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 48.4 செ.மீ.; வருஷம் முழுவதும் இங்கே பெய்வதில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகம். ஆகையால் ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பேசுவது வீண் காரியம். நாலைந்து மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, அந்த வெள்ளைத் திட்டு நகர்கிறதா, எத்திசையில், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அன்றிரவு நான் அப்படி ஓடவிட்டிருந்தால், படங்கள் மாறிக்கொண்டே இருந்தும் திட்டு மட்டும் மாறாமல் நிற்பதைக் கண்டு, பாயை விரிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் கடைசி வாசற்படியையும் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்தது. விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டே எதிர்வீட்டு ஆயா கேட்டாள்: “ஏம்ப்பா, போயிடுச்சின்னு சொன்னியே, இன்னாத்துக்கு இன்னும் இப்பிடி ஊத்துது?” பண்டிதனிடம் பதிலில்லை. விடிந்தபின், செல்போனும் அணைந்துபோன நிலையில், முந்தின படத்தின் எண்களை மனசுக்குள் கூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. விளங்கியதை ஒளிக்காமல் ஆயாவிடம் சொல்லியும் விட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பிசகு.

ஐப்பசி பிறந்து வடகிழக்கில் மேகம் கறுத்தால் இப்போதும் நான் மாடியில் நின்று படத்தைத் திறக்கிறேன். தெருவிலிருந்து ஆயா அண்ணாந்து பார்த்து, மழை வருமா என்று கேட்பதில்லை. “எந்த ஊரு மணிப்பா அது?” என்கிறாள்.