கூண்டு புதிதெனில் கூறிவிடல் வேண்டும்

ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்தும் பழங்காலக் கார் பேரணி, கொல்கத்தாவின் குளிர்காலச் சிறப்புகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரித்தானியக் கார்கள் அங்கு அணிவகுப்பதைக் கண்டு, அவற்றுள் ஒன்றை வாங்க விழைவோரும் உளர். போருக்கு முந்தைய பந்தயக் கார் ஒன்று விற்பனைக்கு வருமாயின், அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இதன் கூண்டு எப்போது, யாரால் கட்டப்பட்டது?

கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டப்படுவதை நாம் அறிவோம். அக்காலத்தில் உயர்விலைக் கார்களுக்கும் அதுவே வழக்கம். தொழிற்சாலை அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் அளிக்கும். கூண்டைத் தனி நிறுவனம் கட்டும். கொல்கத்தாவில் ஸ்டூவர்ட் நிறுவனம் அப்பணியைச் செய்தது. உள்ளிருக்கும் மரச்சட்டம் உளுத்தபின் புதுக் கூண்டு ஏற்றுவதும் இயல்பே. ஆதலால், கூண்டு மாறியது என்பதற்காகவே ஒரு காரைப் போலி என ஒதுக்குதல் முறையன்று.

1929, 1930 ஆகிய ஈராண்டும் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி கார் இதற்குச் சான்று. பின்னாளில் அதன் கூண்டும் பல உறுப்புகளும் மாறின. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம், அது அசல் அன்று என வாதிட்டது. இலண்டன் உயர் நீதிமன்றமோ 1990இல், அறுபடாத வரலாறுடைய அக்கார் அதே கார்தான் எனத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டு விதி இதனினும் கண்டிப்பானது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு முதல் 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்படும் வாகனமே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும். அடிச்சட்டம், கூண்டு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுகளுக்குச் செல்லும். கூண்டு மாறிய காருக்கு இப்பதிவு மறுக்கப்படலாம். விலை பேசும் முன்னரே இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் கருத்து இதுவே: புதுக் கூண்டு குற்றமன்று; அதனை மறைத்து, மூலக் காருக்குரிய விலை கேட்பதே குற்றம். கூண்டு கட்டியவர் பெயரையும் ஆண்டையும் விற்பவர் எழுத்தில் தருதல் வேண்டும். வாங்குவோர் அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றுடன் ஒப்பிட்டு, விற்பனையில் தொடர்பற்ற வல்லுநரிடம் காரைக் காட்டுதல் வேண்டும். இவை முடியும்வரை முன்பணம் தரலாகாது. பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்குவோர், எதை வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்கட்டும்.