‘ஸ்டேபிள்’னா எழுந்து நிப்பாரா சார்?

ஐசியூ வாசல்ல காத்துக் கிடந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே மருத்துவச் சொல் ‘ஸ்டேபிள்’. பிரஷர் ஸ்டேபிள், சுகர் ஸ்டேபிள், கிட்னி ஸ்டேபிள். சரி, ஆளு எழுந்து உட்காருவாரான்னு கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் போகப் போகத்தான்" என்பார்கள். அந்தப் ‘போகப் போக’ மேல இருக்கிற கடுப்பைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

எங்க பெரியப்பாவைப் பன்னிரண்டு நாள் வெண்டிலேட்டர்ல வச்சுட்டு மங்கலம்பேட்டைக்கு அனுப்பினாங்க. எந்த ஆஸ்பத்திரிங்கிறது இங்கே முக்கியமில்லை. டிஸ்சார்ஜ் தாள் நாலு பக்கம். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எல்லாம் புள்ளி சுத்தமா இருக்கு. நிப்பாரா, நடப்பாரா, தம்ளரைப் பிடிப்பாரா? ஒரு வரி இல்லை. பாயிலேர்ந்து தூக்கிவிட ரெண்டு பேர் வேணும்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது.

இதை அளக்கவே முடியாதான்னா, பேஷா முடியும். மெஷின் கூட வேணாம். கை, காலை அசைக்கச் சொல்லி, 12 தசைக் கூட்டத்துக்கு ஆளுக்கு 5 மார்க், மொத்தம் 60. 48-க்குக் கீழே போனா அது ஐசியூ தந்த பலவீனம். இன்னும் சுலபமா ஒண்ணு இருக்கு: படுக்கையில அப்படியே கிடந்தா 0, துணையில்லாம நடந்தா 10. நர்ஸம்மாவே போட்டுடலாம்.

இலங்கையில சேனநாயக, கரலியத்த ரெண்டு பேரும் 1987-ல எழுதினதைப் பாருங்க. பூச்சிமருந்து விஷம் ஏறினவங்க தேறிட்ட மாதிரி இருக்கும்போதே, 1 நாள்லேர்ந்து 4 நாளுக்குள்ள கழுத்துத் தசை தளரும், மூச்சும் நிக்கலாம். தலையணையிலேர்ந்து தலையைத் தூக்க முடியலைன்னா அது எச்சரிக்கை மணி. அதைப் பார்க்க லேப் எதுக்கு? வயக்காட்டு ஊர்க்காரங்க நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் வேணுமா?

"அளந்து என்ன ஆகப்போவுது?"ன்னு கேப்பாங்க. 2009-ல வந்த அமெரிக்க ஆய்வுல, சீக்கிரமே பிசியோ ஆரம்பிச்சவங்கள்ல 59% பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போது தங்கள் வேலையைத் தாங்களே செஞ்சாங்க. மத்தவங்கள்ல 35%. உடனே 2022-ல வந்த பெரிய ஆய்வை எடுத்து நீட்டுவாங்க: கூடுதலா நடமாட வச்சதுல பலன் கூடலை, பாதகம்தான் கூடுச்சுன்னு. அய்யா, நானும் அதைத்தான் சொல்றேன்! யாருக்கு எவ்வளவு தாங்கும்னு அளக்காம, எல்லாரையும் நடத்துறதும் தப்பு, எல்லாரையும் கிடத்துறதும் தப்பு.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கான் சூளையில வெப்பமானி இருந்தாலும் சின்னக் கூம்பு ஒண்ணு வைக்கிற வழக்கம் உண்டு. டிகிரி எவ்வளவுன்னு வெப்பமானி சொல்லும். அந்தச் சூடு மண்ணுல என்ன வேலை செஞ்சதுன்னு, வளைஞ்ச கூம்புதான் சொல்லும். நம்ம ஐசியூவுல வெப்பமானிகள் ஏராளம். கூம்புதான் இல்லை.

இன்னொரு கூத்து. 1965-லேர்ந்து உலகம் பூரா புழங்குற பார்த்தெல் அளவுகோல்ல, படுக்கையிலேர்ந்து நாற்காலிக்கு மாறுறதுக்கு மார்க் உண்டு, படியேறவும் மார்க் உண்டு. தரையிலேர்ந்து எழுந்திருக்க? கிடையாது. பாயில படுத்து, சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, குந்தி உட்கார்ற கக்கூஸுக்குப் போற ஜனத்துக்கு அதுதானே சார் முதல் பரீட்சை?

நான் கேக்கிறது மூணே வரி. ஐசியூவுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார், இப்ப என்ன முடியுது, தரையிலேர்ந்து எழுவாரா. 2021-ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர ஏற்பாடு இருக்கு. வர்றவங்க கையில இந்த மூணு வரி இருந்தா எங்கே ஆரம்பிக்கணும்னு தெரியும்.

டாக்டர் பதிவர்கள் யாராவது படிச்சா பின்னூட்டத்துல வந்து தாராளமா திட்டுங்க. ஆனா ‘நேரமில்லை’ன்னு மட்டும் சொல்லாதீங்க. பொட்டாசியம் எழுத நேரம் இருந்துச்சே! :-)